கைப்பிடிப் படையின் காணாமல்போன கைப்பிடி

நாலு திருகாணிகளும் அந்தப் பலகையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. அவை பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கைப்பிடியைத்தான் காணோம்.

தந்தி மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று பார்த்தான். தூசி படியாத ஒரு வட்டம். அதைச் சுற்றி நாலு திருகாணி. கீழே ஒரு தகட்டில் ‘எதிரி அட்மிரலின் படுக்கையறை’ என்று ஒற்றை வரி.

“அத்தான், நான் ஒரு ஃபேனைக் கழட்டினாலே வீடு பூரா ஸ்க்ரூ கிடக்கும். இந்தத் திருடன் கழட்டின ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டிட்டுப் போயிருக்கான். பிடிச்சா போலீஸ்ல குடுக்க வேண்டாம், அக்காகிட்ட குடுத்துடலாம். வீட்டுக்கு ஒத்தாசையா இருப்பான்.”

அத்தான் என்று அவன் அழைத்தது கோட்டுக்காரரை. சட்டப் படிப்பைப் பாதியில் விட்டாலும் கறுப்புக் கோட்டை விடாத துப்பறிவாளர். தந்தி அவருடைய மனைவியின் தம்பி. உதவியாளன் என்ற பெயரில் ஒட்டிக்கொண்டு, அத்தான் எங்கே போனார், என்ன சாப்பிட்டார், யாரைப் பார்த்துப் பல்லைக் காட்டினார் என்பதை உடனுக்குடன் அக்காவுக்குச் சேர்ப்பிப்பவன். ‘தந்தி’ என்ற பட்டம் அப்படி வந்ததுதான்.

கோட்டுக்காரர் ஒரு திருகாணியை விரலால் தடவி, விரலை முகர்ந்தார்.

“எண்ணெய். புதுசு.”

காப்பாளர் அம்மாள் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு நீள நடை, நடைக் கோடியில் ஒரு கழிவறை. அருங்காட்சியகம் என்றால் இவ்வளவுதான். டிக்கெட் கிழிப்பது, விளக்கம் சொல்வது, வந்தவர்கள் போன பிறகு பெருக்குவது எல்லாமே அவள் ஒருத்திதான். காலையில் எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டு, வாசலில் வரவேற்புத் துணி கட்டக் கீழே போனாளாம். மேலே வந்து பார்த்தால் வட்டம் மட்டும் சிரித்தது. சோதிக்காமல் யாரையும் வெளியே விடவில்லை. வந்தவர்களின் பை, பாக்கெட் எல்லாவற்றையும் உதறிப் பார்த்தாகிவிட்டது.

“எந்தப் படை மேடம் இது? ஸ்கூல்ல படிச்ச ஞாபகமே இல்லையே?”

தந்தி பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் அவன் வாத்தியார்களுக்கும் கிடையாது. அது வேறு கதை.

ஆனால் இந்தப் படையை யாருக்கும் தெரியாதுதான். தெரியக் கூடாது என்றே அதை உண்டாக்கியிருந்தார்கள். போர்க்காலத்தில், இருட்டோடு இருட்டாகத் துடுப்புப் படகில் கடலைக் கடந்து, எதிரிக் கரையில் இறங்கி, எண்ணெய்க் கிடங்கைக் கொளுத்திவிட்டோ டெலிபோன் கம்பியை அறுத்துவிட்டோ விடிவதற்குள் வீடு திரும்பும் பொறுக்கியெடுத்த சிறு கூட்டம். ஆளெடுக்கும் பரீட்சையே அலாதி. தூங்குகிற சமையல்காரர்களுக்கு நடுவே தகரத் தட்டுகளை அடுக்கிச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். ஒரு சமையல்காரர் புரண்டு படுத்தாலும் ஆள் அவுட். துடுப்பு தண்ணீரில் சத்தம் போடக் கூடாது என்பதற்காக அதன்மேல் கம்பளிக் காலுறையைச் சுற்றினார்கள். காலுறை துடுப்புக்குப் போய்விட்டதால் படை முழுவதும் வெறுங்காலில் நனைந்து வருஷம் பூராவும் ஜலதோஷத்தில் கிடந்தது. அதனால் தும்மலை விழுங்குவதற்கு என்று தனிப் பயிற்சி கொடுத்தார்கள்.

முதல் தடவை போய் வந்தபோது தலைமையகம் நம்பவில்லை. ஏதாவது பாறைக்குப் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டு வந்து கதை விடுகிறீர்களா என்று கேட்டுவிட்டார்கள். படைத்தலைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த முறை எதிரியின் அலுவலகக் கதவிலிருந்து கைப்பிடியைக் கழற்றி வந்து மேலதிகாரியின் மேசையில் டொக்கென்று வைத்தார். கதவு வரைக்கும் போகாதவன் கையில் கைப்பிடி எப்படி வரும்? அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. போகிற இடத்திலெல்லாம் ஒரு கைப்பிடி. கைப்பிடிப் படை என்று பெயர்.

அந்தக் கைப்பிடிகள்தான் சுவரில் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் பெரிய வெற்றி, எதிரி அட்மிரலின் படுக்கையறை வரைக்கும் போய் வந்தது. அதைத்தான் காணோம்.

“இன்னிக்கு நாலு மணிக்கு வரலாற்றுக் குழுத் தலைவர் வர்றார்” என்றாள் காப்பாளர். “ஒவ்வொரு கைப்பிடியையும் கழட்டி, பின்பக்கத்தையும் லென்ஸ் வெச்சுப் பார்ப்பேன்னு போன வாரமே சொல்லி அனுப்பிட்டார். அவர் சரின்னு சொன்னாத்தான் கல்லுல இருக்கிற வார்த்தையை மாத்துவாங்க.”

எந்த வார்த்தை என்று கோட்டுக்காரர் கேட்டார்.

காப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். அவளுடைய அப்பா அந்தப் படையில் இருந்தவர். திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு படகின் முனையில் உட்கார்ந்து வழி சொல்வது அவர் வேலை. வெளியே யாராவது கேட்டால் சமையல் பிரிவு என்று சொல்லும்படி மேலிடத்து உத்தரவு. போர் முடிந்தது. உத்தரவை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை. அப்பா சாகிற வரைக்கும் சமையல் பிரிவு என்றே சொன்னார். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் பீரங்கியைப் பிடுங்கினார்கள், இவள் அப்பா உருளைக்கிழங்கு உரித்தார் என்று பள்ளிக்கூடத்தில் இவள் பெஞ்சில் உருளைக்கிழங்கு வைத்துச் சிரித்தார்கள். ஊர் நடுவே இருக்கிற நினைவுக் கல்லில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் ‘சமையல்’ என்றுதான் இன்றைக்கும் இருக்கிறது.

“சமைக்கிறது ஒண்ணும் கேவலம் இல்லை சார். ஆனா எங்கப்பாவுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.”

தந்திக்கு வாயில் வந்த நக்கல் வந்த வழியே திரும்பிப் போனது.

எண்ணெய் வாசனையைப் பிடித்துக்கொண்டு இருவரும் கீழே சைக்கிள் கடைக்கு இறங்கினார்கள். கடைக்காரர் ஒரு சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டு, நடுவில் தொலைந்துபோனவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் திருப்புளி. தந்தி அத்தானின் காதில், ஆள் கிடைத்துவிட்டான், கைவிலங்கு கொண்டுவந்தீர்களா என்றான்.

கோட்டுக்காரர் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த டப்பா நிறையத் திருகாணி வைத்திருக்கிறீர்களே, எதற்கு?

கடைக்காரர் நெளிந்தார். விற்பனைக்கு இல்லையாம். எந்த வண்டியைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் இரண்டு மூன்று மிஞ்சிவிடுகின்றனவாம். எங்கிருந்து வந்தவை என்று தெரியாததால் டப்பாவில் போட்டு வைக்கிறாராம். வண்டி ஓடுகிற வரைக்கும் யாரும் கேட்பதில்லையாம்.

“இவர் இல்லை” என்றார் கோட்டுக்காரர்.

“இவர்னா பலகையே கீழே விழுந்திருக்கும்” என்று தந்தியும் ஒப்புக்கொண்டான். என்றைக்காவது சைக்கிள் வாங்கினால் இந்தத் தெருப்பக்கமே வரக் கூடாது என்றும் மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

காலையில் யாராவது எண்ணெய் வாங்கினார்களா என்று கேட்டதற்குக் கடைக்காரர் தாராளமாகத் தலையாட்டினார். மேலே தினமும் வந்து உட்காருவாரே, அந்தப் பெரியவர் வாங்கினார். முழங்கால் கிறீச்சிடுகிறது, இரண்டு சொட்டு விட வேண்டும் என்றாராம்.

“நீங்க குடுத்தீங்களா?”

“வயசானவர் கேட்கிறார், எப்படி இல்லைன்னு சொல்றது? முழங்காலுக்கு நல்ல எண்ணெயாத்தான் குடுத்தேன்.”

மேலே, கைப்பிடிச் சுவருக்கு எதிரே மெத்தை வைத்த நாற்காலியில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கைப்பிடிப் படையில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே ஆள். படையில் அவருக்குப் பூனை என்று பட்டம். காப்பாளர் அவரைச் சித்தப்பா என்பாள். அவர் அவளைப் பாப்பா என்பார். பாப்பாவுக்குத் தலை நரைத்து வெகு காலமாகிறது.

காலையில் வந்து உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று காப்பாளர் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டைக்கூட மடியில் வாங்கி வைத்துச் சாப்பிட்டாராம்.

“ஏதோ அடைகாக்கிறார் போல” என்றான் தந்தி.

விசாரணை சூடு பிடிக்கவில்லை. முழங்காலைப் பற்றிக் கேட்டால் பெரியவருக்குக் காது கேட்கவில்லை. எண்ணெயைப் பற்றிக் கேட்டால் வானிலையைப் பற்றிப் பதில் வந்தது. கொஞ்சம் குரலை உயர்த்தியதும், எதிரியிடம் பிடிபட்டால் பெயரையும் எண்ணையும் தவிர வேறெதுவும் சொல்லக் கூடாது என்பது படை விதி, அதில் எண் எனக்கு மறந்துவிட்டது என்று முடித்துவிட்டார். தந்தி அவருடைய துணிப்பையை மறுபடி சோதித்தான். ஒரு சால்வை, ஒரு பல்செட் டப்பா, காலி எண்ணெய்க் குப்பி, ஒரு டீ ஸ்பூன்.

காப்பாளர் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தாள். பெரியவருக்கு மட்டும் சர்க்கரை போடாதது. அவர் அதை அப்படியே மடமடவென்று குடித்தார்.

கோட்டுக்காரர் அந்த ஸ்பூனை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். காம்பின் நுனி தட்டையாகத் தேய்ந்திருந்தது.

“சர்க்கரையே போட்டுக்காதவருக்கு ஸ்பூன் எதுக்கு, பெரியவரே?”

பெரியவர் வானிலையைப் பற்றி ஏதோ சொன்னார்.

ஆனால் எல்லாத் திருகாணிகளும் திரும்ப மாட்டப்பட்டிருந்தன என்று தந்தி பேச்சோடு பேச்சாகச் சொன்னதும் கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. “மாட்டாம பின்னே? கீழே போட்டா இருட்டுல கால் பட்டு உருளும். காவல்காரன் முழிச்சுப்பான். கழட்டினா உடனே அதே ஓட்டையில திருப்பிப் போடணும். அதான் முதல் பாடம்.” சொல்லி முடித்த பிறகுதான் எதிரே கறுப்புக் கோட்டு நிற்பது நினைவுக்கு வந்தது. சட்டென்று காது மறுபடி அடைத்துக்கொண்டது.

தந்தி அத்தானை இழுத்துக்கொண்டு நடைக்குப் போனான். ஆள் இவர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் சொந்தப் படையின் பெருமையை இவர் ஏன் திருட வேண்டும்? திருடியதை எங்கே வைத்தார்? கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை, பையில் இல்லை, பல்செட் டப்பாவில் பல்செட்தான் இருக்கிறது.

“முன்பக்கத்தை ஊரே பார்த்தாச்சு” என்றார் கோட்டுக்காரர். “இத்தனை வருஷமா இவரும் தினம் எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். இன்னிக்கு ஏன் திருடணும்? இன்னிக்குத்தான் ஒருத்தர் வந்து பின்பக்கத்தைப் பார்க்கப் போறார்.”

“பின்பக்கத்துல என்ன அத்தான் இருக்கும்? துரு இருக்கும்.”

கோட்டுக்காரர் சுவரை நெருங்கினார். காணாமல் போனதற்கு முந்தைய இடத்தில் ஒரு கனமான இரும்புக் கைப்பிடி இருந்தது. எதிரியின் எண்ணெய்க் கிடங்கிலிருந்து வந்தது. மற்றவை எல்லாம் பித்தளை. இதில் மட்டும் ஓரத்தில் ஒரு துளை, கயிறு உரசி உரசி வழவழவென்று தேய்ந்திருந்தது. காப்பாளர் விளக்கினாள். அந்தக் கிடங்கைக் கொளுத்திவிட்டு ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பினார்களாம். அதனால் அப்பா அந்தக் கைப்பிடியைக் கயிற்றில் கோர்த்து, சட்டைக்குள் மார்போடு தொங்கவிட்டுக்கொண்டார். ராசியான கைப்பிடி.

“அட்மிரல் வீட்டுக்குப் போன அன்னிக்கும் போட்டிருந்தாரா?”

“அதைக் கழட்டிட்டு அப்பா குளிக்கக்கூட மாட்டார் சார்.”

கோட்டுக்காரர் கோட்டுப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அதில் ஒரு குட்டித் திசைகாட்டி தொங்கியது. மனிதர் வேலை முடிந்ததும் வேறெங்கும் சுற்றாமல் நேரே வீடு வந்து சேரட்டும் என்று அக்கா வாங்கிக் கொடுத்தது. அதை உள்ளங்கையில் வைத்து, இரும்புக் கைப்பிடியின் அருகே கொண்டுபோனார். வடக்கைக் காட்டிக்கொண்டிருந்த முள் ஒரு தள்ளாட்டம் ஆடிவிட்டு, கைப்பிடியைப் பார்த்துத் திரும்பி நின்றது.

கோட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தந்தி நன்றாக அறிவான். ஒன்று வழக்கு முடிந்திருக்கும், இல்லையென்றால் அக்கா சொன்ன ஏதோ ஒரு வேலையை மறந்திருப்பார்.

அதற்குள் கீழே கார் வந்து நின்றது. வரலாற்றுக் குழுத் தலைவர் முன்கூட்டியே வந்துவிட்டார். போர் வரலாற்றைத் தலையணை கனத்துக்கு எழுதிய பேராசிரியர். பேச்சிலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே ஒரு விளக்கம் சேர்ப்பார் என்பதால் அடிக்குறிப்பு என்று பெயர் எடுத்தவர். நெடுந்தூரம் காரில் வந்ததில் மனிதருக்கு அவசரம். வணக்கம் சொன்ன கையோடு கழிவறை எங்கே என்று கேட்டுக்கொண்டு நடையில் விரைந்தார்.

பெரியவரின் முகத்தில் ஈயாடவில்லை.

“அங்கே தண்ணி வராது” என்றார், இத்தனை நேரம் காது கேட்காதவர்.

டொக். கழிவறைக் கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு உள்ளே குமிழ் கரகரவென்று சுற்றியது. பிறகு தட்டுகிற சத்தம். பிறகு, கதவு திறக்கவில்லை, பூட்டில் ஏதோ கோளாறு இருக்கலாம், அல்லது தான் திருப்பிய திசை தவறாக இருக்கலாம் என்று பேராசிரியர் அடிக்குறிப்போடு அறிவித்தார்.

தந்தி ஓடினான். கதவின் வெளிப்பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் திருகினான். அது காற்றாடி மாதிரி சும்மா சுற்றியது. இருட்டு நடையிலும் பளபளக்கிற, நல்ல கொழுத்த பித்தளைக் கைப்பிடி. இந்தக் கழிவறைக்கு இவ்வளவு ஆடம்பரம் எதற்கு என்று ஒரு கணம் நினைத்தான். அடுத்த கணம் கையைச் சுட்டது போல் எடுத்தான்.

“அத்தான், கைப்பிடி கிடைச்சுடுச்சு. கூடவே ஒரு பேராசிரியரும் மாட்டியிருக்கார்.”

கோட்டுக்காரர் கதவுப் பக்கம் வரவே இல்லை. நாற்காலியின் முன்னால் போய் நின்றார்.

“எழுந்திருங்க, பெரியவரே.”

பெரியவர் காப்பாளரைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்தார். மெத்தைக்கு அடியில் கழிவறைக் கதவின் பழைய அலுமினியக் கைப்பிடி, அதன் இரும்புத் தண்டோடு, சூடாகக் கிடந்தது.

கதவுக் கைப்பிடியை ஒளித்துவைக்கக் கதவைப்போல் தோதான இடம் உண்டா? திறந்தே கிடக்கிற கதவு, பார்வைக்கு மட்டும் மாட்டினால் போதும் என்று கிழவர் கணக்குப் போட்டிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு போகிற நாகரிகமான விருந்தாளி வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது அவரே ஸ்பூன் காம்பால் கதவின் திருகாணிகளைக் கழற்றினார். பித்தளைக் கைப்பிடி கையோடு வந்தது. கோட்டுக்காரர் அதைத் திருப்பிக் காப்பாளரிடம் காட்டினார்.

பின்பக்கத்தில் ஒரு சின்ன மண்வெட்டி முத்திரை. அவளுக்கு அது தெரியும். இந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் தட்டு, கரண்டி, வாளி எல்லாவற்றிலும் அதே மண்வெட்டி உண்டு. நம்முடைய சொந்த ராணுவத்தின் சாமான் கிடங்கு முத்திரை.

“இது எதிரி வீட்டுக் கைப்பிடி இல்லைம்மா” என்றார் கோட்டுக்காரர் தணிந்த குரலில். “அன்னிக்கு மூடுபனி இருந்திருக்கணும். உங்கப்பா கையில திசைகாட்டி, மார்ல இரும்பு. முள்ளு கடைசி வரைக்கும் வடக்கைப் பார்க்கலை, உங்கப்பாவைத்தான் பார்த்துது. படகு ஒரு பெரிய வட்டம் போட்டு நம்ம கரைக்கே வந்துடுச்சு.”

மீதியைப் பெரியவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். கரையோரம் ஒரு பங்களா. டெலிபோன் கம்பியை அறுத்துவிட்டுப் பின்பக்கமாக ஏறினார்கள். ஒரு கதவுக்குப் பின்னால் யாரோ உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். அது என்ன மொழி என்று யாருக்கும் விளங்கவில்லை. எனவே எதிரியின் மொழிதான் என்று முடிவு கட்டிக் கைப்பிடியைத் தண்டோடு உருவிக்கொண்டு வந்துவிட்டார்கள். பாடியவர் நம்முடைய ஜெனரல். அது அவருடைய குளியலறை. நல்ல வெளிச்சத்தில் இந்த முத்திரையைப் பார்த்த பிறகுதான் இவர்களுக்கே தெரிந்தது. வெளியே சொன்னால் ராணுவ விசாரணை. வாயைத் தைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் அதே ஜெனரல் வந்து, எதிரியின் கோட்டைக்குள் புகுந்த வீரம் என்று இவள் அப்பாவுக்குப் பதக்கம் குத்தினார். ரகசியப் படை என்பதால் குத்திய கையோடு கழற்றியும் கொண்டார்.

“கைப்பிடியைத் தடவிப் பார்த்துட்டு, எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கேன்னார், பாப்பா. உங்கப்பாவுக்கு அன்னிக்குப் போன மூச்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் திரும்பி வந்துது.”

கதவு மறுபடி தட்டப்பட்டது. பெரியவர் அவசர அவசரமாகப் பேசினார். இதை இப்போதே தன் சால்வைக்குள் சுருட்டிவிடலாம். திருட்டுப் போய்விட்டது என்றே இருக்கட்டும். மற்றக் கைப்பிடிகள் எல்லாம் அசல்தானே? பேராசிரியர் பரிதாபப்பட்டாவது அந்த வார்த்தையை மாற்றச் சொல்லிவிடுவார். அவர் இன்னும் உள்ளே இருக்கிறார், ஒன்றும் பார்க்கவில்லை. உண்மை தெரிந்தால் உருளைக்கிழங்கே தேவலை என்று ஆகிவிடும்.

காப்பாளர் கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். அதன் எடையைப் பார்ப்பவள் மாதிரி கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். தந்தி அத்தானைப் பார்த்தான். அத்தான் கூரையைப் பார்த்தார். இது துப்பறிவாளரின் வேலை இல்லை.

அவள் நேரே போய்க் கழிவறைக் கதவின் முன்னால் நின்றாள்.

“சார், கதவைத் திறக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். அட்மிரல் வீட்டுக்கு யாரும் போகலை. எங்கப்பா வழி தப்பிட்டார். நம்ம ஜெனரலைத்தான் குளியலறையில வெச்சு அடைச்சிருக்காங்க. ஆனா எங்கப்பா உருளைக்கிழங்கு உரிக்கலை சார். அது மட்டும் நிஜம்.”

உள்ளே தட்டுவது நின்றது.

“எந்த நாள் அது?” என்று உள்ளேயிருந்து கேட்டது குரல். இந்தத் தடவை அடிக்குறிப்பு இல்லை.

பெரியவர் கதவருகே வந்தார். “ஆத்தைத் தாண்டி நம்ம ஆளுங்க போறதா இருந்துதே சார், அந்த விடியற்காலை.”

உள்ளே வாளி ஒன்று உருண்டது.

அந்த விடியற்காலையைப் பற்றிப் பேராசிரியரின் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமே உண்டு. பனி விலகுவதற்குள் படை ஆற்றைக் கடக்க வேண்டும். ஜெனரல் வாயால் உத்தரவு கொடுத்தால்தான் கிளம்பலாம். உத்தரவு வரவில்லை. வெயில் வந்துவிட்டது. பனி கலைந்ததும் பார்த்தால் எதிர்க்கரை நெடுக, அதற்கு முதல் நாள்வரை இல்லாத பீரங்கிகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நின்றன. போயிருந்தால் ஒருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். ஜெனரல் ஏன் உத்தரவு கொடுக்கவில்லை? குளியலறையை விட்டு வெளியே வரவில்லை என்ற ஒரே தகவலை வைத்துக்கொண்டு, கடும் வயிற்றுக்கோளாறு என்று பேராசிரியர் நிறுவியிருந்தார். மருத்துவர்களின் கருத்தையெல்லாம் திரட்டியிருந்தார். ஒரு பெரும் படையைக் காப்பாற்றியது ஒரு மனிதரின் வயிறு என்று அந்த அத்தியாயத்தை முடித்திருந்தார்.

“அப்ப... வயிறு இல்லையா?” என்று கதவு கேட்டது.

“வயிறு நல்லாத்தான் இருந்துது சார்” என்றார் பெரியவர். “பாட்டுத்தான் சரியில்லை.”

அலுமினியக் கைப்பிடியை மாட்டிக் கதவைத் திறந்தபோது பேராசிரியர் சட்டைக் கை நனைந்து, கண்ணாடி கோணலாகி நின்றார். காப்பாளர் பித்தளைக் கைப்பிடியை நீட்டினாள். அவர் அதை வாங்கி, லென்ஸை எடுத்து, அந்த மண்வெட்டியை வெகு நேரம் பார்த்தார். பிறகு பெரியவரின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். தன் புத்தகத்தின் புகழ்பெற்ற அத்தியாயம் கண்ணெதிரே கரைவதைப் பார்க்கிற முகம். தந்திக்கே பாவமாக இருந்தது.

அட்மிரலின் படுக்கையறை என்று எழுத முடியாது என்றார் அவர். வேண்டாம், அந்தத் தகட்டை இப்போதே கழற்றிவிடுகிறேன் என்றாள் காப்பாளர். எதிரி மண்ணில் செய்த வீரச் செயல் என்றும் எழுத முடியாது என்றார். அதுவும் வேண்டாம் என்றாள். ஆனால், என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் நிறுத்தினார். ஆற்றங்கரையில் அன்றைக்கு உத்தரவுக்காகக் காத்து நின்றவர்கள் அத்தனை பேரும் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள். அவர்களில் ஒருவரிடம்தான் தான் சின்ன வயதில் நீச்சல் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். பேனாவைத் திறந்தார்.

“சமையல்ங்கிறதை அடிச்சாச்சு. அந்த இடத்துல உங்கப்பா செஞ்ச வேலையை ஒரே வார்த்தையில போடணும். என்ன போடட்டும்?”

பெரியவர் இருமினார். கோட்டுக்காரர் சாவிக்கொத்தைப் பைக்குள் தள்ளினார். காப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, சிரிப்பை அடக்கினாளா என்று தந்தியால் சொல்ல முடியவில்லை.

“வழிகாட்டி” என்றாள்.

தந்தியின் நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. அது வெளியே வருவதற்குள் கோட்டுக்காரரின் செருப்பு அவன் பாதத்தை அழுத்தமாக மிதித்தது. பேராசிரியர் கண்ணாடிக்கு மேலே அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, அந்த வார்த்தையை முழுசாக, நிதானமாக, அடிக்குறிப்பு எதுவும் சேர்க்காமல் எழுதினார்.